ஸ்கேனில் காதுக்குப் பின்னால் வெள்ளை... சீழா? ஓதமா?

ஸ்கேன் சென்டரில் அந்தப் பெரிய கவரைக் கையில் கொடுத்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? படத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் புரியாது. உள்ளே இருக்கும் தாளை உருவி, நேராகக் கடைசிப் பாராவுக்குப் போய்விடுகிறோம். 'இம்ப்ரஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே மூன்று நான்கு வரி இருக்கும். அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி வைத்தியத்தைப் பேசி முடித்துவிடுவோம்!

எங்கள் குள்ளஞ்சாவடி கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில் இருக்கிறது. கடலூர், பாண்டிச்சேரி, சிதம்பரம் ஆஸ்பத்திரிகளில் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்களில் சிலர் வழியில் என் மருந்தகத்திலும் இறங்குவார்கள். "பெரிய டாக்டர் சொன்னது பாதி புரியலைங்க. நீங்க தமிழ்ல சொல்லுங்க" என்பார்கள். சித்த வைத்தியனிடம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் ஸ்கேன் படிக்கிற நிபுணன் இல்லைதான். ஆனால் பாளையங்கோட்டையில் எங்களுக்கும் உடற்கூறு, உடலியல் பாடங்களைப் போட்டு வறுத்துத்தான் அனுப்பினார்கள். வார்த்தையைப் பிரித்துச் சொல்ல அது போதும். வைத்தியம் செய்ய வேண்டியவர் நரம்பியல் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அப்படி வருகிற ரிப்போர்ட்களில் ஒருவகை குடும்பத்தையே குழப்பிவிடும். அதில் இரண்டு விஷயம் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒன்று, 'வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் ரத்த உறைவு.' இன்னொன்று, 'வலது மாஸ்டாய்டில் நீர், மாஸ்டாய்டைட்டிஸ்.' இதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில், "காதுச் சீழ் மூளைக்கே ஏறிடுச்சாம்" என்று அழுகிறார்கள். இன்னொரு வீட்டில், "சைனஸ்தானே! ஆவி பிடிச்சா போச்சு" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். முதல் வீட்டாரின் பயம் தேவையில்லாததாக இருக்கலாம். இரண்டாவது வீட்டாரின் நிம்மதி உயிருக்கே உலை வைக்கும்.

மூக்கு சைனஸ் வேறு, இது வேறு

சைனஸ் என்றால் குழிவு, அறை என்று பொருள். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்று நிறைந்த அறைகள் உண்டு. சளி பிடித்தால் கனக்கிறதே, அது அந்த சைனஸ். மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையின் மடிப்புக்குள் ஓடுகிற பெரிய ரத்த வாய்க்கால்களுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் நம்மூர் மாமியார் மருமகள் படப்போகிற பாட்டை யோசித்திருக்க மாட்டார்கள்!

மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர் ரத்தம் தமனிகள் வழியாக ஏறுகிறது. ஏறியதெல்லாம் இறங்க வேண்டுமே? இறங்குகிற வழி சிரைகள். மூளையின் சின்னச் சின்னச் சிரைகள் எல்லாம் உச்சந்தலைக்குக் கீழே ஓடும் ஒரு நடு வாய்க்காலிலும் அதன் துணை வாய்க்கால்களிலும் வந்து சேர்கின்றன. நடு வாய்க்கால் பின்மண்டைக்குப் போய் இடது, வலது என்று இரண்டாகப் பிரிகிறது. இந்த இரண்டும்தான் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ். அது காதுக்குப் பின்னால் வந்ததும் பாம்பு மாதிரி வளைந்து 'சிக்மாய்டு சைனஸ்' என்று பெயர் மாறி, மண்டையோட்டின் அடியில் உள்ள துவாரம் வழியாகக் கழுத்துச் சிரையாக இறங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் விரலைக் காதுக்குப் பின்னால் வையுங்கள். மேடாக ஓர் எலும்பு தட்டுப்படுகிறதா? அதுதான் மாஸ்டாய்டு. வெளியே கல் மாதிரி இருந்தாலும் உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னக் காற்றறைகள். நடுக்காதோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு. இந்தத் தேன்கூட்டுக்கும், நான் சொன்ன பாம்பு வாய்க்காலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டு குட்டிச் சிரைகளும் போய் வருகின்றன. ஒரே மதில் சுவரை வைத்துக் கட்டிய இரண்டு வீடு மாதிரி. ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டில் தெரியாமல் போகாது.

வெள்ளை என்றால் சீழ் என்று யார் சொன்னது?

எம்.ஆர்.ஐ.யில் பல விதமாகப் படம் எடுப்பார்கள். அதில் டி-2 என்று ஒரு வகை. அந்தப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும்; காற்று கறுப்பாகத் தெரியும். நல்ல மாஸ்டாய்டில் காற்று இருப்பதால் கறுப்பாக இருக்க வேண்டும். அங்கே வெள்ளை தெரிந்தால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்! அது சளி நீரா, வீங்கிய சவ்வா, சீழா, ரத்தமா என்று அந்த வெள்ளை ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஜலதோஷம் பிடித்தவருக்கு, அதுவும் குழந்தைகளுக்கு, வேறு எதற்கோ தலை ஸ்கேன் எடுத்தால்கூட மாஸ்டாய்டில் கொஞ்சம் வெள்ளை தெரிவது சாதாரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயிலும் மூக்கிலும் குழாயோடு பல நாள் மல்லாந்து படுத்திருப்பவர்களுக்கும் அங்கே நீர் சேரும். காதுக்கும் தொண்டைக்கும் இடையில் உள்ள குழல் சரியாகத் திறக்காததுதான் காரணம். இவர்கள் யாருக்கும் மாஸ்டாய்டு அழுகவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் 'மாஸ்டாய்டைட்டிஸ்' என்ற ஒரே சொல் வந்து உட்கார்ந்துவிடும். 'ஐட்டிஸ்' என்றாலே அழற்சி. பிறகு வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 'மாஸ்டாய்டில் நீர்க்கோப்பு தெரிகிறது. காது மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எழுதினால் ஒரு வரிதான் கூடுதல். நல்ல ரேடியாலஜிஸ்ட்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற அந்த வரி உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தால் அதை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். உங்களுக்கு உபயோகமான வரியே அதுதான்.

முதலில் வந்தது எது?

ஒரே பக்கத்தில் வாய்க்காலும் அடைத்து, மாஸ்டாய்டும் நனைந்திருந்தால் எது முதலில் வந்தது? இதுதான் கேள்வி.

பழைய காலத்தில் இதில் சந்தேகமே இல்லை. காதுதான் குற்றவாளி. பென்சிலின் வராத நாளில், பல வருஷமாகச் சீழ் வடிகிற காதிலிருந்து கிருமி மாஸ்டாய்டுக்குள் இறங்கும்; அந்த மெல்லிய தகட்டை அரித்துப் பக்கத்து வாய்க்காலைத் தொடும்; அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகும்; கட்டியிலும் கிருமி பிடிக்கும். நடுக்கத்தோடு குளிர்ஜுரம் விட்டு விட்டு ஏறி இறங்கும், மலேரியா மாதிரி. பாதிப்பேர் பிழைப்பதே கஷ்டம். காது மூக்கு தொண்டைப் புத்தகங்களில் எல்லாம் இதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1931-இல் இங்கிலாந்தின் சார்லஸ் சைமண்ட்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், காது நோய் வந்தவர்களுக்குப் பின்னால் தலைவலியும் இரட்டைப் பார்வையும் வருவதைக் கவனித்து அதற்குத் தனிப் பெயரே வைத்தார். வாய்க்கால் அடைத்து, தலைக்குள் அழுத்தம் கூடியதால் வந்த வினை அது.

ஆகவே ஸ்கேனில் இரண்டும் சேர்ந்து தெரிந்ததும், காது முன்னால், மூளை பின்னால் என்று முடிவு கட்டுவது டாக்டர்களுக்கே பழக்கமாக இருந்தது. 2002-இல் 'ஸ்ட்ரோக்' என்ற மருத்துவ இதழில் ஃபிங்க், மெக்ஆலே என்ற இருவர் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே கேள்வி இருந்தது: மாஸ்டாய்டு மாற்றம் இந்த அடைப்புக்குக் காரணமா, அல்லது அதன் விளைவா? அவர்கள் பார்த்த நோயாளிகளில் மாஸ்டாய்டு நனைந்திருந்தது, வாய்க்கால் அடைத்த அதே பக்கத்தில். ஆனால் காது நோயின் அடையாளம் இல்லை. அடைப்பினால் ரத்தம் தேங்கி, அந்தத் தேக்கத்தினால்தான் மாஸ்டாய்டின் சவ்வு வீங்கி நீர் கோத்திருக்க வேண்டும், இதைக் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கருத்து.

இது நம் வீட்டில் நடக்காத விஷயமா என்ன? கொல்லைப்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டால் பின்சுவரில் ஓதம் ஏறுகிறதல்லவா? சுண்ணாம்பு பெயர்ந்து சுவர் ஊறிப்போய் நிற்கும். புதிதாகப் பார்க்கிறவன், "சுவர் கெட்டுப்போச்சு, இடிச்சுக் கட்டணும்" என்பான். தெரிந்த கொத்தனார் சாக்கடையைக் குத்திவிடச் சொல்வார். அதே சமயம், உண்மையிலேயே சுவர் சரிந்து சாக்கடைக்குள் விழுந்து அடைத்திருக்கவும் கூடும். அப்போது சாக்கடையை மட்டும் குத்திப் பயனில்லை, சுவரையும் எடுத்துக் கட்ட வேண்டும். இரண்டில் எது என்று இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தூரத்தில் நின்று ஈரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்றைய கணக்கையும் பாருங்கள். 21 நாடுகளில் இந்த நோய் கண்ட 624 பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. அதில் காது, மூக்கு, வாய், முகம், கழுத்து எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தப் பகுதிக் கிருமித் தொற்று இருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நம்மூரில் சீழ்க்காது இன்னும் அதிகம். அதனால் இந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனாலும் 'காது இல்லாமல் இந்த நோய் வராது' என்ற எண்ணம் தவறு என்பது தெளிவு.

எப்படிப் பிரித்தறிவது?

முதல் சாட்சி நோயாளியின் வாய்மொழிதான். காதில் வலி உண்டா? சீழ் வடிந்ததா? அதுவும் கொஞ்சமாக வடிந்து, கிட்டே போனாலே நாற்றம் அடிக்கிற சீழா? இந்த நாற்றச் சீழ் பொல்லாதது. எலும்பை அரிக்கிற வகை அது. காது மந்தமா? ஜுரம் உண்டா? காதுக்குப் பின்னால் சிவந்து, தொட்டால் வலித்து, காது மடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? இவை இருந்தால் காதுதான் முதல் குற்றவாளி என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காதுக்குப் பின்னால் சிவப்போ வலியோ அதிகமில்லாமல் வெறும் வீக்கமாக இருந்தால், அது உள்ளே அடைத்த சிரையின் தேக்கத்தாலும் வரலாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே கிரீசிங்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைச் சொல்லியிருக்கிறார்; அந்த அடையாளத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடுத்த சாட்சி செவிப்பறை. காது மூக்கு தொண்டை டாக்டர் கருவியை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பறை முத்து மாதிரி பளிச்சென்று, ஓட்டையில்லாமல், சிவப்பில்லாமல் இருந்தால் உள்ளே சீழ் பொங்குகிறது என்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. கோடிக்கணக்கான ரூபாய் பெறும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் சொல்லாததைச் சில ஆயிரம் ரூபாய்க் கருவி சொல்லிவிடுகிறது! ஆச்சரியம் என்னவென்றால், பல வீடுகளில் இந்தப் பரிசோதனை ஒன்றுதான் நடந்திருக்காது. மற்றதெல்லாம் நடந்திருக்கும்.

சந்தேகம் மிச்சமிருந்தால் காது எலும்புக்கென்று தனியாக சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பை நுணுக்கமாகக் காட்டுவது சி.டி.தான். தேன்கூட்டின் சுவர்கள் முழுசாக இருந்து, அறைகளில் மட்டும் நீர் இருந்தால் ஓதம் என்று சொல்லலாம். சுவர்கள் கரைந்து, வாய்க்காலை ஒட்டிய தகடு அரித்திருந்தால் சீழ். எம்.ஆர்.ஐ.யிலேயே 'டிஃப்யூஷன்' என்ற வகைப் படம் உண்டு. சீழ் கெட்டியானது என்பதால் அதில் தனியாகப் பளிச்சிடும். ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, சி.ஆர்.பி. இவையும் துணைச் சாட்சிகள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்பதே சில சமயம் சந்தேகமாக இருக்கும். நம்மில் பலருக்கு இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் பிறவியிலேயே வலதைவிடச் சின்னது. எம்.ஆர்.வி. படத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போனது மாதிரி தெரியும். 'அடைப்பா, பிறவிக் குறுகலா?' என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இன்னொரு பக்கம், ஒரு காதில் மட்டும் நீர் பல வாரமாக வற்றாமல் நிற்கும் பெரியவர்களுக்கு, மூக்கின் பின்புறத்தையும் கருவி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே கட்டி எதுவும் குழலை அடைக்கவில்லை என்று உறுதி செய்வதற்காக.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம் என்கிறீர்களா? வைத்தியமே மாறிவிடுகிறது. காதுச் சீழ் என்றால் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் வேண்டும், பெரும்பாலும் மாஸ்டாய்டு ஆபரேஷனும் வேண்டியிருக்கும், தள்ளிப்போடக் கூடாது. வெறும் ஓதம் என்றால் ஆபரேஷனும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். வாய்க்காலின் உறைவைக் கவனித்தால் போதும், ஓதம் காலப்போக்கில் தானே வற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தேவையில்லாமல் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைவது எவ்வளவு விபரீதம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ரத்தக்கசிவுன்னு போட்டிருக்கு, ரத்தத்தை இளக்குற ஊசி போடுறாங்களே!"

இது வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சண்டைக்கே போகிற இடம். சிரை அடைத்தால் பின்னால் ரத்தம் தேங்கி, அழுத்தம் தாங்காமல் மூளைக்குள் கொஞ்சம் கசியும். அடைப்பு விலகினால்தான் கசிவும் நிற்கும். 1991-இல் ஜெர்மனியில் ஐன்ஹோய்ப்ல் குழுவினர் 20 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. ஹெப்பாரின் ஊசி போட்ட 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. எட்டுப் பேர் முழுசாகத் தேறினார்கள். போடாத 10 பேரில் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஹெப்பாரின் போட்டவர்களில் ஏற்கெனவே கசிவு இருந்தவர்களும் உண்டு. பிறகு வந்த அனுபவமும் இதே வழியில்தான் போயிருக்கிறது. ஆகவே அந்த ஊசியைத் தடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

ஸ்கேன் வரைக்கும் போவதற்கே முதலில் நோயைச் சந்தேகப்பட வேண்டுமே? நான் சொன்ன 624 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. புதிதாக வந்து, நாளுக்கு நாள் ஏறி, படுத்தால், இருமினால், முக்கினால் அதிகமாகிற தலைவலி. கூடவே வாந்தி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் மரப்பு எது சேர்ந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. சாதாரண சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் இந்த அடைப்பு ஒளிந்திருக்கலாம். சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்.ஆர்.வி. அல்லது சி.டி. வீனோகிராம்தான் பிடிக்கும்.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர்

இந்த நோய்க்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. மதுரை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றி 1983-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உலக அளவில் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற ஆய்வு அது. பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் சிரை அடைப்புக்கு அபாயமான காலம். பிரசவத்தின்போது அதிக ரத்தம் போய்விடாமல் காக்க உடம்பே ரத்தத்தைச் சீக்கிரம் உறைகிற பதத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும். இயற்கையின் ஏற்பாடு. அந்தச் சமயத்தில் உடம்பில் நீர் வற்றினால்?

இங்கேதான் நம் வீட்டுப் பெரியவர்களிடம் நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. "தண்ணி குடிச்சா வயிறு வச்சுடும்", "குழந்தைக்குச் சளி கட்டும்" என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாய் வெந்நீரை அளந்து கொடுக்கிற வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நெய்வேலிப் பக்கம் சித்திரை, வைகாசி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வெயிலில், கதவைச் சாத்திய அறையில், பாலும் கொடுத்துக்கொண்டு, தண்ணீரும் இல்லாமல் ஒருத்தி படுத்திருந்தால் ரத்தம் கெட்டிப்படாமல் என்ன செய்யும்?

இதை 'சித்த வைத்தியப் பத்தியம்' என்று சிலர் சொல்கிறார்கள். இல்லவே இல்லை! அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் எண்ணி வைத்திருக்கிறது. சிறுநீர், மலம், தும்மல், பசி, தூக்கம் என்று போகிற அந்தப் பட்டியலில் நீர்வேட்கையும் ஒன்று. தாகத்தை அடக்குவதே நோய்க்கு வழி என்று சொல்கிற வைத்தியம், தண்ணீரை மறுக்கச் சொல்லுமா? பத்தியம் என்பது செரிக்காததை விலக்குவது. பிரசவ லேகியம் கொடுங்கள். பூண்டுக் குழம்பு கொடுங்கள். கூடவே தாகம் தீரும் மட்டும் கொதித்து ஆறிய தண்ணீர், சீரகத் தண்ணீர், கஞ்சி, மோர் கொடுங்கள். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருதய நோய், சிறுநீரக நோய், பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு. படுக்கையிலேயே கிடக்கவிடாமல், முடிந்தவரை சீக்கிரம் எழுந்து நடமாடச் செய்யுங்கள்.

பிரசவித்த பெண்களுக்கு மட்டும்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். ஹைதராபாத் நிஜாம்ஸ் மருத்துவ நிலையம் 428 நோயாளிகளின் விவரத்தை 2012-இல் வெளியிட்டபோது, அதில் ஆண்களே சற்று அதிகம். ரத்தசோகை, மது, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடியிருப்பது ஆகியவை அங்கே முக்கியமான காரணங்களில் சேர்ந்திருந்தன. பி-12 சத்துக் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். வடலூர்ப் பக்கம் சுத்த சைவம் நிறையப் பேர். நல்ல வழக்கம், விடச் சொல்லமாட்டேன். பால், தயிர், மோரை விடாதீர்கள், பி-12 அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். கருத்தடை மாத்திரையும் இந்த அபாயத்தைக் கூட்டும். கல்யாணம், கோயில் விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறவர்களே...

சீழ் வடிகிற காதில் பூண்டு எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் ஊற்றாதீர்கள். பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது நேரே நடுக்காதுக்குப் போகும். கோழி இறகு, ஹேர்பின், தீக்குச்சி எதற்கும் அங்கே வேலையில்லை. குளிக்கும்போது தேங்காய் எண்ணெயில் நனைத்துப் பிழிந்த பஞ்சைக் காதின் வாயிலில் வைத்துத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குளித்ததும் எடுத்துவிட வேண்டும். "சின்ன வயசிலேர்ந்தே வடியுது, அது பாட்டுக்கு வடியட்டும்" என்று விட்டுவிடுகிற காதுதான் ஒருநாள் பக்கத்து வாய்க்காலைத் தொடுகிறது.

சிரை அடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரன் போன்ற மாத்திரைகளை மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை, சிலர் அதற்கு மேலும் சாப்பிட வேண்டியிருக்கும். தலைவலி போய்விட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. "இதை நிறுத்திட்டு உங்க கஷாயத்துக்கு மாறிக்கட்டுமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. சமையலில் போடுகிற பூண்டு, இஞ்சி, மஞ்சள் பாதகமில்லை. லேகியமாக, சூரணமாகக் கரண்டி கரண்டியாகப் போனால் ரத்தம் அளவுக்கு மீறி இளகலாம். வார்ஃபரின் வகை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே சாப்பிட்டு, அடுத்த வாரம் கீரையே தொடாமல் இருந்தால் ஐ.என்.ஆர். அளவு தாறுமாறாகும். தினம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மூட்டு வலி, பல்வலி என்று கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடக் கூடாது. எந்த வைத்தியரிடம் போனாலும், அவர் சித்த வைத்தியரோ, பல் டாக்டரோ, இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பாலூட்டும் தாய்மார்கள் பயந்து பாலை நிறுத்திவிடுகிறார்கள். ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின் இரண்டிலும் பால் கொடுக்கலாம். டாபிகாட்ரன் போன்ற புது மாத்திரை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தை பெறவே கூடாது என்பதும் இல்லை. ஆனால் வார்ஃபரின் சாப்பிடும்போது கரு தரிக்கக் கூடாது; குழந்தைக்கு ஊனம் வரலாம். மறுபடி கர்ப்பமானால் முதல் மாதத்திலேயே பழைய நோயைச் சொல்லிவிட்டால், கர்ப்ப காலத்திலும் பிரசவமான ஆறு வாரத்துக்கும் தடுப்பாக ஹெப்பாரின் ஊசி போட ஏற்பாடு செய்வார்கள்.